பருவம் தப்பிப் பூத்த எலுமிச்சை

நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்திலிருந்து இப்போது யாரும் தோப்புகளுக்குப் போவதில்லை. விவசாயி இலையைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்புகிறார். நோயின் பெயரும் தெளிக்க வேண்டிய மருந்தும் அவருக்குப் பதிலாக வந்துவிடுகின்றன. களப் பிரிவு இனித் தேவையில்லை என்று முடிவானபோது அதில் இருந்த எல்லோரையும் விடுவித்தார்கள். வயதானவர்கள் அதை ஓய்வு என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு முப்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகின்றன. ஆனாலும் அதே சொல்லைத்தான் நானும் சொல்கிறேன். இன்னொரு தோப்புக்குள் அந்த வேலையாக நான் நுழையப் போவதில்லை என்பதால், அது சரியான சொல்தான்.

கூடத்தில் இன்னும் இருக்கும் இரண்டு பெண்கள் சென்ற மாதம் பேசினார்கள். "படத்தைப் பாத்துட்டுத் துத்தநாகக் குறைன்னு வருதுக்கா. ஆனா மரம் சாகுது. நீங்க எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். பிரித்துச் சொல்லும் முறையை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். பெயரைச் சொன்ன பிறகு நடப்பதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி. அதை எழுதத்தான் இடம் அதிகம் வேண்டியிருக்கிறது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாவர நோயியல் படித்தேன். எலுமிச்சை, சாத்துக்குடி வகை மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோயைப் புத்தகத்தில் இரண்டு பக்கமாகவும், கண்ணாடிச் சீசாவில் ஊறிய ஓர் இலையாகவும் பார்த்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து முதல் எலுமிச்சைத் தோப்புக்குள் நின்றபோது எல்லா மரங்களும் மஞ்சளாகத்தான் தெரிந்தன.

முதலில் அந்த அரைப் பக்கம்.

நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. அதைச் சுமந்து திரிவது சைலிட் என்ற பூச்சி. எள்ளைவிடச் சற்றுப் பெரியது. இளங்கொழுந்தில் தலையைக் கீழே வைத்து, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். அப்படி உட்காரும் வேறு பூச்சி எலுமிச்சையில் கிடையாது. பாக்டீரியா மரத்தின் உணவுக் குழாய்களுக்குள் சென்று தங்குகிறது. மரம் அதை எதிர்க்கப் பார்த்து, அந்தக் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. அதனால் இலை சமைத்த உணவு கீழே இறங்குவதில்லை. இலையில் மாவுச்சத்து தேங்குகிறது. மண்ணுக்குள் வேர் பட்டினி கிடக்கிறது. நுனி வேர்கள் முதலில் கருகுகின்றன. நாம் மேலே மஞ்சளைப் பார்க்கும்போது கீழே வேரில் பாதி போயிருக்கும்.

நான் பார்க்கும் வரிசை இது. மரம் முழுவதும் மஞ்சளா, ஒரே ஒரு கிளை மஞ்சளா? ஒரு கிளை என்றால் சந்தேகம். அடுத்து, இலையை நடு நரம்பில் மடித்துப் பார்ப்பேன். சத்துக் குறை என்றால் நரம்பின் இரண்டு பக்கமும் மஞ்சள் ஒன்றுபோல இருக்கும். கிரீனிங் என்றால் ஒரு பக்கத்துத் திட்டுக்கு மறுபக்கத்தில் இணை இருக்காது. பிறகு காய். கோணலாக, ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். அறுத்தால் விதை கறுத்துச் சூம்பியிருக்கும். சாத்துக்குடியில் காம்புப் பக்கம் பழுத்தும் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். கடைசியாக ஒன்று. காலமல்லாத காலத்தில் பூ. இந்தக் கடைசி விஷயத்தைப் படம் சொல்லாது. படத்தில் பூ பூவாகத்தான் இருக்கும்; எந்த மாதத்தில், எந்த மரங்களுக்கு நடுவில் பூத்தது என்பது அதில் தெரியாது.

பெயரைச் சொன்ன பிறகு நடப்பதற்கு வருகிறேன்.

களப் பிரிவின் தலைவர் சம்பத் சார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். முழுக்கைச் சட்டை, பைக்கின் கைப்பிடியில் தொங்கும் சிவப்புப் பெயிண்ட் டப்பா. தோப்புக்கு வந்தால் முதலில் வேலியோரமாக ஒரு சுற்று நடப்பார். அதன் பிறகுதான் உள்ளே போவார். வெளியே வரும்போது நோயுள்ள மரங்களின் அடியில் சிவப்பு வளையம் விழுந்திருக்கும்; மருந்தில்லாத நோய், வெட்டத்தான் வேண்டும் என்பதற்கு அடையாளம். தோட்டக்காரரிடம் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். பெயிண்ட் காய ஆரம்பித்த பிறகே வாயைத் திறப்பார். அப்போதும் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான்.

"கொஞ்சம் உக்காந்து சொல்லலாமே சார்" என்று ஒருமுறை கேட்டேன்.

"உக்காந்தா டீ குடுப்பாங்க. டீ குடிச்சா ஊட்டுக் கதை சொல்லுவாங்க. கதை கேட்டா உனக்கும் எனக்கும் பெயிண்ட் அடிக்கக் கை வராது" என்றார். "ஒரு மரத்தை விட்டா பூச்சி பக்கத்துத் தோப்புக்குப் போகும். அந்தத் தோப்புக்காரன் கதையை யார் கேக்கறது?"

அவர் சொன்னது தவறில்லை. ஆனால் அடித்த வளையத்தைத் திரும்பி வந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்த மரங்கள் உண்டு. சேற்றைப் பூசி மறைத்தவை உண்டு. ராசிபுரம் பக்கம் ஒருவர் வளையத்தின் மேல் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மரத்தை வெட்டச் சொல்வதுகூடச் சில வீடுகளில் எளிது. கருவேப்பிலையை வெட்டச் சொல்வதுதான் கடினம். சைலிட் பூச்சிக்குக் கருவேப்பிலைக் கொழுந்தும் பிடிக்கும். நோய் அதில் தங்காவிட்டாலும் பூச்சி அதில் பெருகும். தோப்பை ஒட்டிய கருவேப்பிலையை எடுத்துவிடுங்கள் என்று சொன்னதற்கு ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங் கண்ணு, உங்க ஊட்டுல ரசத்துக்கு என்னத்தப் போட்டுத் தாளிக்கறீங்க? வேப்பலையா?" என்று கேட்டார். தோப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கருவேப்பிலை அங்கேயே நின்றது.

இனி அந்த ஒரு தோப்பு. இரண்டு வருடங்களுக்கு மேல் நான் போய் வந்த தோப்பு அதுதான்.

ஜேடர்பாளையத்துக்கு அருகே, ஆற்றுப் பாசனம் எட்டும் நிலம். தோப்புக்காரர் கோகிலா, என்னைவிடச் சிறியவர். கணவர் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போயிருந்தார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து, பங்காக வந்த நிலத்தில் ஒரு சிறு வீடு கட்டி, தனியாளாகத் தோப்பு வைத்திருந்தார். பாதி எலுமிச்சை, பாதி சாத்துக்குடி. வேலிக்கு அந்தப் பக்கம் கணவரின் அண்ணன் தங்கவேலுவின் நிலம். பிரிந்து வந்ததில் அந்த வீட்டாருக்கு வருத்தம். ஒரு பெண் தனியாகத் தோப்பு வைத்து எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாக்குப்பிடிக்காவிட்டால் நிலத்தைத் தங்கவேலுவிடம் ஒப்படைத்துவிட்டு அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். கோகிலா அதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

"வாங்கக்கா. மொதல்ல காப்பி குடிச்சுருங்க" என்றார்.

"மரத்தைப் பாத்துட்டு வந்து குடிக்கறேன்."

"மரத்தப் பாத்தப்புறம் நீங்களும் குடிக்க மாட்டீங்க, எங்களுக்கும் போடறதுக்குக் கை வராதுன்னு சொல்றாங்க. சூடா இருக்கறப்பவே குடிங்க."

குடித்தேன். பிறகு வேலியோரமாக நடந்து உள்ளே போனேன்.

சாத்துக்குடி சுத்தமாக இருந்தது. நம்பகமான நாற்றுப் பண்ணையில் வாங்கிய ஒட்டுக்கன்றுகள், இலை கரும்பச்சை. எலுமிச்சைதான் சரியில்லை. ஒவ்வொரு மரத்திலும் ஏதோ ஒரு கிளை மஞ்சள். இலையை மடித்தால் திட்டுக்கு இணை இல்லை. கொழுந்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பூச்சிகள். சின்ன மரங்கள்தான். எலுமிச்சை பூக்கும் காலமும் அல்ல. ஆனால் அத்தனையிலும் பூவும் பிஞ்சுமாக இருந்தது.

"கன்று எங்கே வாங்கினீங்க?"

"வாங்கலீங்க. எங்கப்பா சீரு குடுத்தது. எல்லாத்து ஊட்டுலயும் பொண்ணுக்குப் பவுனு போடுவாங்க. எங்கப்பன் பவுனும் போட்டு மரமும் போடுவாரு" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்கக்கா?"

சீர் என்றால் பிறந்த வீட்டுக் கொடை. கோகிலாவின் அப்பா முத்துசாமி, மல்லசமுத்திரம் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர். அவர் தோட்டத்தில் ஒரு மரம் மட்டும் பருவம் பார்க்காமல் பூக்கும். எலுமிச்சை வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மழைக்காலத்தில் காய் கொட்டிக் கிடக்கும், கேட்பாரில்லை. கோடையில் எல்லோரும் கேட்பார்கள், காய் இருக்காது. கோடையில் காய் வேண்டுமென்று தோப்புக்குத் தண்ணீர் விடாமல் வாடவைத்து, பிறகு தண்ணீர் கட்டி, பூவை வரவழைக்கப் பாடுபடுவார்கள். இவருடைய மரம் அப்படி ஒன்றும் செய்யாமலே பூத்தது. அவர் அதைத் தெரிந்தெடுத்து, கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரமண் வைத்துக் கட்டி, வேர்விட்டதும் வெட்டிப் பதியன் போட்டார். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அந்த மரத்தின் பதியன் கன்றுகள்தான் சீர். நல்ல மரத்தைத் தேர்ந்துதான் கொடுத்தார். அது பூத்ததற்கான காரணம் அவருக்குத் தெரியவில்லை.

விதை வழியாக இந்த நோய் வராது. பதியன் கன்று தாய்மரத்தின் ஒரு துண்டு. தாய்க்கு உள்ளது எல்லாம் அதற்கும் இருக்கும். எலுமிச்சை இந்த நோயைக் கொஞ்சம் தாங்கும். பல வருடம் சாகாமல் நின்று, பூத்து, பூச்சிக்குத் தீனி போடும். சாத்துக்குடி தாங்காது.

கோகிலாவிடம் இதை அவருடைய சாத்துக்குடி வரிசையில் நின்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "இது தப்பிக்குமாங்க?"

"எலுமிச்சையை எல்லாம் அடுத்த கொழுந்து விடறதுக்குள்ள எடுத்தா, தப்பிக்க வழி உண்டு."

"எங்கப்பா குடுத்ததையா?" என்றார். பிறகு, "மொதல்ல அப்பாகிட்டப் பேசுங்கக்கா. அவரு சொன்னாத்தான் நான் வெட்ட முடியும். நானா வெட்டுனா, ஊருக்குள்ள பொறந்த ஊட்டு மேல கோவம்னு பேசிருவாங்க" என்றார்.

முத்துசாமியிடம் சம்பத் சாரும் நானும் போனோம். அந்த மரம் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நின்றது. தோப்பிலேயே அழகான மரம். எல்லா மரமும் சும்மா நின்றபோது அது மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது, தேனீ மொய்த்தது. சம்பத் சார் ஒரு சுற்று சுற்றி வந்து டப்பாவைத் திறந்தார்.

"என்ன சாரு, மோட்டார் ரூமுக்குச் சாயம் பூச வந்தீங்களாக்கும்?" என்றார் முத்துசாமி. "பூசறதுன்னா உள்பக்கமும் சேத்துப் பூசிருங்க."

"மரத்துக்குங்க."

"மரத்துக்கு எதுக்குங்க? அது என்ன தேர்தல்ல நிக்குதா?"

சம்பத் சார் விஷயத்தைச் சொன்னார். முத்துசாமி அவர் கையிலிருந்த தூரிகையை மெதுவாக வாங்கி, டப்பாவின் மேல் வைத்து, மூடியையும் வைத்து அழுத்தினார். அதற்குப் பிறகு பேச்சு என்னிடம்தான்.

"அம்மிணி, நீங்க படிச்சவிங்க. நோவு புடிச்ச மரம் எங்கயாச்சும் இப்படிப் பூக்குமா? நோவுக்காரன் எந்திரிச்சுக் கும்மியடிச்ச மாதிரியில்ல இருக்குது."

கூடத்தில் செய்யும் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்ப நாளாகும். தோப்பிலேயே செய்து காட்டக்கூடிய ஒன்று உண்டு. உப்புத்தாளால் இலையின் மேல்புறத்தைத் தேய்க்க வேண்டும். இலைத்தூள் ஒட்டிய தாளை ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கசக்கி, அயோடின் ஒரு சொட்டு விட வேண்டும். நல்ல இலை என்றால் தண்ணீர் தேநீர் நிறத்தில் நிற்கும். மாவுச்சத்து தேங்கிய இலை என்றால் கறுத்துவிடும். இதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் கண்ணெதிரே நடக்கும்.

"நீங்க செஞ்சா எனக்கு நம்பிக்கை வராதுங்க. நானே பறிக்கறேன், நானே தேய்க்கறேன்" என்றார்.

"செய்யுங்க. எந்த இலை எதுன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க."

அது அவருக்குப் பிடித்தது. மோட்டார் அறைக்குப் பின்னால் போய் இரண்டு பைகளோடு வந்தார். ஒன்றை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடித்துக்கொண்டார். அயோடின் சொட்டை நான் விட்டேன். வலது கைப் பை அப்படியே இருந்தது. இடது கைப் பையில் புகை இறங்குவதுபோலக் கறுப்பு பரவி, உள்ளே இருந்த தாள் தெரியாமல் போனது.

அவர் இடது கையையே பார்த்தார். எது எந்த மரம் என்று நாங்கள் கேட்கவில்லை.

"கறுத்தா என்னங்கறேன்?" என்றார் கடைசியில்.

"ஊட்டுல சோறு ஆக்கிட்டே இருக்கறாங்க. தோட்டத்துல இருக்கறவங்களுக்குக் கொண்டுபோற வழி அடைச்சுப் போச்சு. ஊட்டுல சோறு குவியுது. தோட்டத்துல பட்டினி. இந்தக் கறுப்பு அந்தக் குவிஞ்ச சோறுங்க" என்றேன்.

"தோட்டத்துலன்னா வேரு."

"ஆமாங்க."

மண்வெட்டியை எடுத்து மரத்தடியில் அவரே வெட்டினார். கைநிறைய மண்ணை எடுத்து உதிர்த்தார். மெல்லிய வேர்கள் கறுத்து, விரல் பட்டதும் தோல் கழன்று வந்தன. அடுத்த மரத்தடியிலும் வெட்டிப் பார்த்தார். அங்கே வேர் வெளுப்பாக இருந்தது. எழுந்து நின்று மேலே பூவைப் பார்த்தார்.

"அப்ப இது சாகப்போறதுன்னு பூத்துச்சுங்களா?"

"வேரு போகப் போக இப்படிக் காலம் தப்பிப் பூக்கறது உண்டுங்க."

"நாலு பேரு ஊட்டுக்குக் குடுத்தேனே அம்மிணி" என்றார். பிறகு சம்பத் சாரைப் பார்த்து, "அடிங்க சாரு" என்றார். சார் அடிக்கவில்லை. அந்த ஒரு மரத்துக்கு மட்டும் அவர் மறுபடி டப்பாவைத் திறக்காமல் நின்றதைப் பார்த்தேன். முத்துசாமியே திறந்து அடித்தார்.

மறுநாள் முத்துசாமி என்னைக் கூப்பிட்டார். பதியன் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போக வேண்டும், தான் மட்டும் போனால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள், நீங்களும் வாருங்கள் என்றார். சம்பத் சார் வரவில்லை. "ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்கெல்லாம் என் டப்பாவோட போனா ஒதைதான்" என்றார். முத்துசாமி மொபெட்டில் முன்னால் போனார். நான் ஸ்கூட்டரில் பின்னால்.

முதல் வீட்டில் அவர் வாசலுக்குள் நுழையவில்லை. வெளியே நின்று குரல் கொடுத்தார். அந்த வீட்டுப் பெண் அவருக்கு மருமகள் முறை. முகம் மலர வெளியே வந்து, சொம்பில் தண்ணீர் நீட்டினார்.

"தண்ணி வேண்டாஞ் சாமி."

"ஏனுங் மாமா, உள்ள வந்து உக்காருங்க."

"உக்கார்ற சேதி இல்ல."

அந்தப் பெண் நீட்டிய சொம்பை இழுத்துக்கொண்டார். "யாருங் மாமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. இறப்புச் செய்தி கொண்டு வருகிறவர் உள்ளே வர மாட்டார், உட்கார மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார். முத்துசாமி தெரிந்தேதான் அப்படி நின்றார்.

"நாங் குடுத்த மரம்" என்றார்.

அந்தப் பெண் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது. "ஒரு நிமிசத்துல என்ர உசுரு போயிருச்சு. மரத்துக்குப் போயி இப்படி நிப்பாங்களா யாராச்சும்? உள்ள வாங்க, காப்பி போடறேன்."

அவர் போகவில்லை. வெளியில் நின்றபடியே முழுவதையும் சொன்னார். எங்காவது அவருக்குச் சொல் முட்டினால் நான் எடுத்துக்கொடுத்தேன். அந்த வீட்டில் அன்றே மருந்தடித்து வெட்டினார்கள். எல்லா வீட்டிலும் அப்படியில்லை. காய் பறித்த பிறகு பார்க்கலாம் என்றார் ஒருவர். சரி என்று தலையாட்டிவிட்டுப் பிறகு வெட்டாதவரும் உண்டு. யார் வீட்டிலும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. நடுவில் ஒரு பெட்டிக்கடையில் சோடா குடித்தோம். "அம்மிணி, கல்யாணத்துக்குப் பத்திரிக வெக்கப் போனப்பகூட இத்தன ஊடு ஏறுனதில்ல" என்றார்.

தங்கவேலு வீட்டுக்குக் கடைசியில் போனோம். கோகிலாவின் கல்யாணத்தின்போது அந்த வீட்டுக்கும் கன்று போயிருந்தது. பிழைத்தது ஒரு மரம். வேலியோரத்தில் நின்றது.

"ஏனுங் மாமா, குடுத்த சீரைத் திருப்பிக் கேக்கறது எந்த ஊரு மொறைங்க?" என்றார் தங்கவேலு.

"திருப்பிக் கேக்கலீங்க மாப்ள. எடுத்துருங்கன்னு சொல்றேன்."

"நல்லாப் பூத்து நிக்குது. பூக்கற மரத்தப் போயி நோவுங்கறீங்க. உங்க பொண்ணு தோப்புல மட்டும் கோடைக்காயி காய்க்கணும், என்ர வேலியில காய்க்கக் கூடாது. அதானுங்களே?"

"எம்பொண்ணும் வெட்டப்போறாளுங்க."

"வெட்டட்டும். அது அவ இஷ்டம்."

நான் அயோடினை எடுத்தேன். அவர் கையை மறித்தார். "அந்த மை வித்தையெல்லாம் இங்க வேண்டாம் அம்மிணி" என்றார். அரசாங்க அதிகாரி போல உத்தரவிட எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை. எடுத்துச் சொல்லத்தான் முடியும். சொன்னேன்.

அங்கிருந்து வேலியைச் சுற்றிக் கோகிலாவின் தோப்புக்கு வந்தோம். முத்துசாமி அங்கேயும் உள்ளே போகவில்லை. இரண்டு வேலிகளுக்கு நடுவிலிருந்த இட்டேரிப் பாதையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்.

"அப்பா, நம்மூட்டுக்குமா இப்படி நிக்கறீங்க? உள்ள வாங்க."

"எடுத்துரு சாமி. எல்லாத்தையும் எடுத்துரு. உன்ர சாத்துக்குடி பொழைச்சு நின்ன பொறகு வந்து சோறு உங்கறேன்."

கோகிலா அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அழவில்லை. "என்ன வரிசையில செய்யணும், சொல்லுங்கக்கா" என்றார்.

வரிசை முக்கியம். முதலில் பூச்சிமருந்து, எல்லா மரத்துக்கும். மருந்து அடிக்காமல் வெட்டினால் பூச்சி அத்தனையும் எழுந்து பக்கத்து வரிசையில் இறங்கும். பூச்சி செத்ததை உறுதி செய்துகொண்டு வெட்டுவது. அடிமரத்தை விட்டால் அது துளிர்க்கும். பூச்சிக்கு அந்தத் துளிர்தான் விருந்து. அதனால் வேரோடு பிடுங்குவது. பொக்லைன் வந்தது. கோகிலா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குழியையும் குனிந்து பார்த்து, விட்டுப்போன வேரை எடுக்கச் சொன்னார். குவித்து எரித்தபோது பூவாசமும் புகையும் சேர்ந்து வந்தன. தங்கவேலுவின் வீட்டார் வேலியருகே நின்று பார்த்தார்கள். முத்துசாமி இட்டேரியிலிருந்தே பார்த்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

அதற்குப் பிறகு சாத்துக்குடி கொழுந்து விடும்போதெல்லாம் நான் அங்கே போனேன். கோகிலா எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். கொழுந்து வந்த நாளில் மருந்து. மஞ்சள் ஒட்டுப்பொறி. கருவேப்பிலையைக்கூட எடுத்துவிட்டு, ரசத்துக்குச் சந்தையில் வாங்கினார். முத்துசாமி மாதத்துக்கு ஒருமுறை வருவார். இட்டேரியில் வண்டி நிற்கும். மகள் வேலியோரம் போவார். கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு, தோப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஒருமுறை நானே கூப்பிட்டுப் பார்த்தேன். "இன்னும் தெரியல இல்லீங்களா அம்மிணி? தெரியட்டும்" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கவேலுவின் மரம் கோடைக்கும் மழைக்கும் பூத்தது.

அடுத்த வருட மழைக்குப் பிறகு, வேலியை ஒட்டிய சாத்துக்குடி வரிசையில் ஒரு மரத்தில் ஒரு கிளை வெளிறியிருந்தது. இலையை மடித்தேன். கோகிலா என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லீங்களே" என்றார்.

"இல்லை."

"சத்துக் குறையா இருக்கலாமுங்களா?"

பதில் அவருக்கே தெரிந்த கேள்வி. மாதிரியை எடுத்து அனுப்பினேன். முடிவு நாங்கள் நினைத்தபடிதான் வந்தது. அந்த மரத்தை எடுத்தோம். பிறகு அந்த வரிசையை. அடுத்த கொழுந்தில் நடு வரிசைகளிலும் தெரிந்தது. சாத்துக்குடி மரம் நோயை மறைக்காது. கிளை கிளையாகக் காய்ந்து, காய் பச்சையாகவே உதிர்ந்து, மேலிருந்து கீழே செத்துக்கொண்டு வந்தது. கணவர் ரிக்கிலிருந்து போனில் பேசினார். விட்டுவிடு, அண்ணன் வீட்டுக்கே போய்விடு என்றார். கோகிலா போனை என்னிடம் நீட்டி, "நீங்களே சொல்லுங்கக்கா, இன்னும் ஒரு மாசம் பாக்கறேன்னு" என்றார். சொன்னேன். ஒரு மாதம் பார்த்தார்.

களப் பிரிவை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு கடைசியாக ஒருமுறை அங்கே போனேன். தோப்பு இல்லை. உழுது பாத்தி பிடித்திருந்தது. பெண்கள் மரவள்ளிக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கோகிலாவும் குச்சி ஊன்றினார். மரங்கள் எல்லாவற்றையும் அவரே பிடுங்கிவிட்டிருந்தார். எனக்குச் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

"நீங்க வந்து என்னங்கக்கா பண்றது? மருந்தடிச்சு, வெட்டி, வேரோட எடுத்தாச்சு. வரிசை தப்பல" என்றார். "அவங்கண்ணன் ஊட்டுக்குப் போகல. கெழங்கு போட்டுப் பாக்கறேன். அதுவும் போனாப் போறேன்."

மொபெட் சத்தம் கேட்டது. முத்துசாமி இட்டேரியில் வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தினார். நிலத்தைப் பார்த்தார். மரம் ஒன்றும் இல்லாததை முதலில் அவர் நம்பவில்லை போலிருந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

கோகிலா கையைக் கழுவிக்கொண்டு வேலியருகே போனார்.

"உள்ள வாங்கப்பா. சோறு ஆறுது."

"பொழைச்ச பொறகுன்னு சொன்னனே சாமி."

"பொழைக்கலீங்க. முடிஞ்சு போச்சு. எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சு. இனி யாருக்கு இங்க நிக்கறீங்க?"

அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்த நேரமாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எனக்கும் அவருக்கும் சேர்த்தே இலை போட்டார் கோகிலா. நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து வேலி தெரிந்தது. வேலிக்கு மேலே தங்கவேலுவின் எலுமிச்சை, வெள்ளை வெள்ளையாக.

"அவிங்க எடுக்கலியா?" என்றார் முத்துசாமி.

"இல்லீங்கப்பா. நேத்துக்கூட யாரோ வந்து பதியன் கேட்டுட்டுப் போனாங்க."

அவர் கை சோற்றிலேயே நின்றது. கோகிலா குனிந்து, "மோர் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். ஊற்று என்பதுபோல அவர் சோற்றில் குழி செய்துகொடுத்தார்.